வளர்ச்சி ஹார்மோனின் வேலையை அளப்பது

மனித வளர்ச்சி ஹார்மோன் 191 அமினோ அமிலங்களைக் கோத்த ஒரே சரம்; இரண்டு கந்தகப் பாலங்கள் அதை மடித்துப் பிடித்திருக்கின்றன. மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பியின் முன்மடல் இதைச் சுரக்கிறது. சுரப்பிக்குள் சில மில்லிகிராம் சேமிப்பு எப்போதும் இருக்கும். ரத்தத்துக்கு வருவதோ மில்லிலிட்டருக்கு இத்தனை நானோகிராம் என்ற கணக்கில்தான். அதுவும் சீராக வராது, விட்டுவிட்டுப் பீறிடும். இரண்டு பீறல்களுக்கு நடுவே 1 நானோகிராமுக்கும் கீழே இறங்கியிருக்கும். ஆழ்ந்த உறக்கத்தின் முதல் கட்டத்தில் பத்து நானோகிராமையும் தாண்டும். ரத்தத்தில் கலந்தது ஏறத்தாழ இருபது நிமிடத்தில் பாதியாகக் குறைந்துவிடும்.

ரத்தத்தில் ஓடுவது ஒரே சரக்கும் அல்ல. பெரும்பங்கு 22 கிலோடால்டன் எடையுள்ள முழு மூலக்கூறு. சுமார் பத்தில் ஒரு பங்கு, நடுவில் பதினைந்து அமினோ அமிலங்கள் விடுபட்ட 20 கிலோடால்டன் வடிவம். இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டவை, சிதைந்த துண்டுகள் ஆகியவையும் உண்டு. பாதிக்குச் சற்றுக் குறைவான மூலக்கூறுகள் ஒரு பிணைப்புப் புரதத்தோடு சேர்ந்தே பயணிக்கின்றன. இந்தக் கலவையில் எவ்வளவு ஹார்மோன் இருக்கிறது என்பதும், அது எவ்வளவு வேலை செய்யும் என்பதும் வெவ்வேறு கேள்விகள். ஆய்வுக்கூடம் நூறாண்டுகளாக இரண்டுக்கும் விடை தேடி வருகிறது. ஒரு முறை எதை அளக்கிறது என்று தெரியாமல் அது தரும் எண்ணை நம்புவதற்கில்லை.

எலியே தராசு

ஹார்மோனின் வேதியியல் தெரியாத காலத்தில் அதன் விளைவை அளப்பதைத் தவிர வேறு வழியில்லை. 1921-இல் ஹெர்பர்ட் எவான்ஸும் ஜோசப் லாங்கும் கலிபோர்னியாவில் மாட்டுப் பிட்யூட்டரிச் சாற்றை எலிகளின் வயிற்றறைக்குள் ஊசியால் செலுத்தினார்கள். எலிகள் வழக்கத்தை மீறிப் பெருத்தன. பிலிப் ஸ்மித் 1920-களின் பிற்பகுதியில் எலியின் பிட்யூட்டரியை மூளைக்குச் சேதமின்றித் தொண்டைப் பக்கமாக அகற்றும் அறுவையைச் செம்மைப்படுத்தினார். சுரப்பி போன எலி வளர்வதை நிறுத்திவிடும். எடை அப்படியே நிற்கும். வெளியிலிருந்து ஹார்மோன் கொடுத்தால்தான் தராசு முள் நகரும். தன் சொந்த ஹார்மோன் இல்லாத அந்த எலிதான் இத்துறையின் முதல் கருவி.

எடை முறை எளிமையானது. சுரப்பி நீக்கிய எலிகளுக்குப் பத்து நாள்போல ஊசி போட்டு, கூடிய எடையைக் கணக்கிட வேண்டும். ஆனால் எடை எதனாலும் கூடும்: நீர் தங்கினாலும் கூடும், கொழுப்புச் சேர்ந்தாலும் கூடும், தைராய்டு ஹார்மோன் உதவினாலும் கூடும். அறுவையில் சுரப்பியின் ஒரு துணுக்குத் தங்கிவிட்டால் எலி தானாகவே வளரும். அதனால் சோதனை முடிந்ததும் ஒவ்வொரு எலியின் மண்டையோட்டுக் குழியையும் திறந்து பார்த்து, மிச்சம் இருந்த எலிகளைக் கணக்கிலிருந்து தள்ளுவது வழக்கமாயிற்று.

1949-இல் கிரீன்ஸ்பான், லீ, சிம்ப்சன், எவான்ஸ் ஆகிய நால்வரும் வெளியிட்ட டிபியா முறை இதைவிடக் கூர்மையானது. டிபியா என்பது முழங்காலுக்குக் கீழுள்ள பெரிய எலும்பு. அதன் மேல்முனையில், எலும்பு நீளும் இடத்தில், சுண்ணாம்பு ஏறாத குருத்தெலும்புத் தட்டு ஒன்று குறுக்கே கிடக்கிறது. ஹார்மோன் இல்லாவிட்டால் இத்தட்டு மெலியும், கிடைத்தால் தடிக்கும். நான்கு வாரம் நிரம்பும் தறுவாயில் உள்ள பெண் எலிகளின் சுரப்பியை எடுத்து, இரண்டு வாரம்போல விட்டு, நான்கு நாள் தொடர்ந்து ஊசி போடுவார்கள். ஐந்தாம் நாள் எலும்பை எடுத்து நெடுக்குவாக்கில் பிளந்து வெள்ளி நைட்ரேட் கரைசலில் நனைத்து வெளிச்சத்தில் வைப்பார்கள். சுண்ணாம்பு ஏறிய பகுதி கரும்பழுப்பாகும். குருத்தெலும்பு வெள்ளைக் கோடாக நிற்கும். பிறகு ஹைப்போ எனப்படும் தயோசல்பேட்டில் கழுவி நிறத்தை நிலைநிறுத்த வேண்டும். பழைய போட்டோ ஸ்டூடியோவின் இருட்டறையில் வேலை பார்த்தவர்களுக்கு இந்த வெள்ளி உப்பும் ஹைப்போவும் புதியவை அல்ல. நுண்ணோக்கியின் அளவுகோலில் அந்த வெள்ளைக் கோட்டின் அகலத்தைப் பல இடங்களில் படித்துச் சராசரி எடுப்பார்கள். மொத்தம் சில மைக்ரோகிராம் ஹார்மோனுக்கே கோடு கண்ணுக்குத் தெரியும்படி அகலமாகும்.

இந்த எண்ணுக்குத் தனியே பொருள் இல்லை. இன்றைய எலியும் அடுத்த மாத எலியும் ஒரே மாதிரி பதில் சொல்லா. அதனால் ஒவ்வொரு சோதனையிலும் தெரியாத மாதிரியோடு தெரிந்த தரமாதிரி ஒன்றையும் பல அளவுகளில் கொடுத்து, இரண்டுக்கும் தனித்தனியே கோடு வரைய வேண்டும். அளவின் மடக்கையைக் கிடையாகவும் விளைவைச் செங்குத்தாகவும் வைத்தால், ஒரே பொருளானால் இரு கோடுகளும் இணையாக ஓடும். அவற்றுக்கிடையே உள்ள கிடைத் தொலைவு வீரிய விகிதத்தைத் தரும். கோடுகள் இணையாக இல்லாவிட்டால் ஒப்பிடுவதே தவறு. மாதிரிக்குள் வேறு ஏதோ கலந்திருக்கிறது என்று பொருள். எலி போய்ச் செல் வந்த பின்னும், செல் போய்க் குழாய் வந்த பின்னும், இந்த இணைகோட்டு நிபந்தனை மட்டும் மாறவில்லை.

எலி முறைகளுக்கு இரண்டு பெருங்குறைகள் இருந்தன. முதலாவது, எலி மனிதன் இல்லை. லீயும் எவான்ஸும் 1944-இல் மாட்டு ஹார்மோனைப் பிரித்தெடுத்தார்கள். எலியில் அது நன்றாக வேலை செய்தது. மனிதனுக்குக் கொடுத்தபோது ஒன்றும் நடக்கவில்லை. செல்லில் ஹார்மோனைப் பிடித்துச் செய்தியை உள்ளே அனுப்பும் புரதம் ஏற்பி. மனித ஏற்பி மனித, குரங்கு ஹார்மோன்களை மட்டுமே ஏற்கும். எலியின் ஏற்பியோ பல பாலூட்டிகளின் ஹார்மோனையும் ஏற்கும். எலியில் தேறிய மருந்து மனிதனில் தோற்ற வரலாறு இது. 1950-களின் இறுதியில் மோரிஸ் ரேபன் மனிதச் சடலங்களின் சுரப்பியிலிருந்து எடுத்த ஹார்மோனைக் கொண்டு ஒரு குள்ளச் சிறுவனை வளரச் செய்த பிறகே சிகிச்சை தொடங்கியது.

இரண்டாவது குறை அளவு சார்ந்தது. ஒரு மனிதனின் ரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 5 நானோகிராம் ஹார்மோன் இருப்பதாகக் கொள்வோம். டிபியா முறைக்குத் தேவையான 5 மைக்ரோகிராமைச் சேர்க்க ஒரு லிட்டர் ரத்தநீர் வேண்டும், அதுவும் ஒரே ஓர் எலிக்கு. நோயாளியின் ரத்தத்தைச் சோதிக்க இம்முறை உதவாது என்பதற்கு வேறு வாதம் தேவையில்லை.

இடையில் செயின்ட் லூயிஸில் சால்மனும் டாகடேயும் 1957-இல் ஒரு வியப்பான முடிவைக் கண்டார்கள். எலியின் விலாக் குருத்தெலும்பைக் கண்ணாடிக் கலத்தில் வைத்து, கதிரியக்கக் கந்தகத்தை அது எவ்வளவு உறிஞ்சுகிறது என்று பார்த்தார்கள். வளர்ச்சி ஹார்மோனை நேராகச் சேர்த்தபோது பெரிய மாற்றம் இல்லை. இயல்பான எலியின் ரத்தநீரைச் சேர்த்தபோது உறிஞ்சல் ஏறியது. ஹார்மோனின் ஏவலில் உடல் உண்டாக்கும் இடைத்தூதர் ஒன்று இருப்பது இவ்வாறு தெரியவந்தது. அதுவே பிற்காலத்தில் ஐ.ஜி.எஃப்.-1 என்று பெயர் பெற்ற, 70 அமினோ அமிலங்கள் கொண்ட புரதம். இதன் அளவு நாள் முழுதும் அதிகம் ஏறி இறங்குவதில்லை. ஆகவே உடலுக்குள் ஹார்மோன் செய்து முடித்த வேலைக்கு இன்று மருத்துவர்கள் முதலில் பார்க்கும் சாட்சி இதுதான். கல்லீரல் நோயும் பட்டினியும் இந்தச் சாட்சியைப் பிறழவைக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எதிர்ப்பொருள் வந்த பிறகு

நியூயார்க்கின் பிராங்க்ஸ் மருத்துவமனையில் ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் இன்சுலினுக்காக உருவாக்கிய கதிரியக்க எதிர்ப்பொருள் அளவீடு, 1960-களின் தொடக்கத்தில் வளர்ச்சி ஹார்மோனுக்கும் வந்தது. லண்டனில் ஹண்டரும் கிரீன்வுட்டும் 1962-இல் குளோரமின்-டி கொண்டு ஹார்மோன்மேல் கதிரியக்க அயோடினை ஏற்றும் எளிய வழியைத் தந்தார்கள். முறையின் சாரம் ஒரு போட்டி. ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் எதிர்ப்பொருளைக் குறைந்த எண்ணிக்கையில் வைத்து, அயோடின் ஏற்றிய ஹார்மோனையும் நோயாளியின் ஹார்மோனையும் ஒரே இடத்துக்கு மோதவிட வேண்டும். நோயாளியின் ஹார்மோன் கூடக்கூட, பிணைந்த கதிரியக்கம் குறையும். சில துளி ரத்தநீர் போதும். நானோகிராமின் பின்னங்கள்வரை படிக்கலாம்.

பலன் உடனே தெரிந்தது. ரத்தச் சர்க்கரை விழுந்தால் ஹார்மோன் பீறிடுகிறது என்று 1963-இல் ராத், கிளிக், யாலோ, பெர்சன் நால்வரும் காட்டினார்கள். இன்சுலின் கொடுத்துச் சர்க்கரையை இறக்கி ஹார்மோனின் உச்சத்தைப் பார்க்கும் இன்றைய தூண்டல் சோதனை அதன் வழிவந்தது. வலிப்பு, இதயநோய் உள்ளவர்களுக்கு அதைச் செய்யக்கூடாது. அர்ஜினின், குளோனிடின், குளுக்ககான் போன்ற மாற்றுத் தூண்டல்கள் உண்டு. எதிர்த் திசையில், ஹார்மோன் மிகுதியால் வரும் அக்ரோமெகாலி நோயைச் சந்தேகித்தால் 75 கிராம் குளுக்கோஸ் குடிக்கக் கொடுத்து ஹார்மோன் அடங்குகிறதா என்று பார்ப்பார்கள். ஹார்மோன் பீறிட்டு வருவதால், ஏதோ ஒரு நேரத்தில் எடுத்த ஒற்றை ரத்த மாதிரி பெரும்பாலும் ஒன்றையும் சொல்லாது. காலையில் ஒருமுறை குத்தி எடுத்த மாதிரியில் 0.2 நானோகிராம் என்று வந்ததும் குழந்தைக்கு ஹார்மோன் குறை என்று பெற்றோர் பதறுவது வீண்.

ஆனால் எதிர்ப்பொருள் பார்ப்பது மூலக்கூறின் மேற்பரப்பில் ஒரு சிறு திட்டை மட்டுமே. அந்தத் திட்டு இருந்தால் போதும், மூலக்கூறு வேலை செய்யுமா என்பது அதற்குத் தேவையற்ற செய்தி. பெயரையும் முகத்தையும் சரிபார்க்கும் வருகைப் பதிவேடு போன்றது அது. உட்கார்ந்து வேலை பார்த்தாரா என்று பதிவேடு சொல்லாது.

இந்த இடைவெளி நோயாளிகளிடமே வெளிப்பட்டது. இஸ்ரேலில் ஸ்வி லாரோனும் சக மருத்துவர்களும் 1966-இல் விவரித்த குள்ளக் குழந்தைகளின் ரத்தத்தில் ஹார்மோன் குறையவே இல்லை, மிகுந்திருந்தது. ஹார்மோனே பழுதோ என்ற சந்தேகம் முதலில் எழுந்தது. 1984-இல் இரண்டு நோயாளிகளின் கல்லீரல் திசு கதிரியக்க ஹார்மோனைப் பிடிக்கவில்லை என்று தெரிந்தபோது பழுது ஏற்பியில் என்பது உறுதியாயிற்று. 1978-இல் கோவார்ஸ்கி குழு விவரித்தது இதன் மறுபக்கம்: எதிர்ப்பொருள் அளவீட்டில் ஹார்மோன் இயல்பு, இடைத்தூதர் குறைவு, வெளியிலிருந்து ஹார்மோன் கொடுத்ததும் வளர்ச்சி. வேலை செய்யாத ஹார்மோன் சுரக்கிறது என்ற கருத்து அங்கே பிறந்தது. 1996-இல் ஜப்பானின் தகஹாஷி குழு அத்தகைய ஒரு குழந்தையின் ஹார்மோனில் 77-ஆம் இடத்தில் அர்ஜினினுக்குப் பதில் சிஸ்டீன் இருப்பதைக் கண்டது. இந்நோய் மிக அரிது. காரணம் தெரியாத குள்ளத்தை எல்லாம் இதன் தலையில் கட்டுவதற்கு ஆதாரம் கிடையாது.

போட்டி முறையின் இடத்தை 1980-களிலிருந்து இரு எதிர்ப்பொருள் முறை பிடித்தது. ஓர் எதிர்ப்பொருள் ஹார்மோனைப் பிடிக்கும், வேறிடத்தில் ஒட்டும் இன்னொன்று ஒளியோ நிறமோ தரும். வேகமும் நுட்பமும் கூடின. கூடவே குழப்பமும் கூடியது. ஒரு கருவியின் எதிர்ப்பொருள் 20 கிலோடால்டன் வடிவத்தையும் சேர்த்துப் படிக்கும், இன்னொன்று படிக்காது. ஒன்றைப் பிணைப்புப் புரதம் மறைக்கும், இன்னொன்றை மறைக்காது. ஒரே ரத்தநீர் இரண்டு கூடங்களில் இரு மடங்கு வேறுபட்ட எண் பெற்றதுண்டு.

தரமாதிரியின் கதையும் இதே சிக்கல்தான். உலக சுகாதார நிறுவனத்தின் பழைய மாதிரியான 66/217 சடலச் சுரப்பியிலிருந்து எடுத்தது. அதில் 1 மில்லிகிராம் 2 அலகுக்குச் சமம். மரபணு முறையில் தயாரித்த இன்றைய 98/574 மாதிரியில் 1 மில்லிகிராம் 3 அலகு. லிட்டருக்கு 20 மில்லி அலகு என்ற பழைய எல்லைக்கோடு முதல் கணக்கில் மில்லிலிட்டருக்கு 10 நானோகிராம், இரண்டாவது கணக்கில் 6.7. எந்தக் கணக்கு என்று கேட்காமல் ஒரு குழந்தைக்கு நோய் உண்டு, இல்லை என்று முடிவு கட்டுவது ஆபத்து. 2011-இல் வெளியான பன்னாட்டு ஒப்புதல் அறிக்கை, 98/574-ஐ மட்டுமே பயன்படுத்த வேண்டும், முடிவை எடையில் சொல்ல வேண்டும், எந்த வடிவங்களைக் கருவி படிக்கிறது என்று தயாரிப்பாளர் அறிவிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டது. முடி உதிர்வுக்குப் பயோட்டின் மாத்திரை விழுங்குபவர்களுக்கு இன்னொரு செய்தி: பயோட்டினைக் கொக்கியாகக் கொண்ட இரு எதிர்ப்பொருள் கருவிகளில் அந்த மாத்திரை ஹார்மோன் அளவைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். ரத்தம் கொடுக்குமுன் சொல்லிவிட வேண்டும்.

ஏற்பியிடம் கேட்பது

வேலையை அளக்க வேண்டுமானால் ஹார்மோன் எங்கே வேலை செய்கிறதோ அங்கே கேட்க வேண்டும். 1973-இல் சுஷிமாவும் ஹென்றி ஃப்ரீசனும் முயல் கல்லீரலின் செல்சவ்வை எதிர்ப்பொருளின் இடத்தில் வைத்தார்கள். மற்றபடி அதே போட்டிதான். இப்போது ஏற்பியில் உட்காரத் தகுதியுள்ளவை மட்டும் எண்ணிக்கையில் வந்தன. உட்கார்ந்த பின் ஏற்பியை அவை எழுப்புமா என்பதற்கு மட்டும் இதில் பதில் இல்லை.

அதற்கு உயிருள்ள செல் தேவைப்பட்டது. கனடாவில் ராபர்ட் நோபிள் வளர்த்த ஓர் எலி இனத்தில் தோன்றிய நிணநீர்ப் புற்றிலிருந்து என்.பி.-2 என்ற செல்வரிசை கிடைத்தது. பால்சுரப்பு ஹார்மோனான புரோலாக்டின் இருந்தால்தான் இச்செல்கள் பெருகும். மனித வளர்ச்சி ஹார்மோன் பால்சுரப்பு ஏற்பியையும் தூண்டக்கூடியது. ஆகவே 1980-இல் ஃப்ரீசனின் சகாக்கள் இச்செல்களைக் கொண்டு பிகோகிராம் அளவில் ஹார்மோனின் வேலையை அளந்தார்கள். ரத்தநீரில் உள்ள புரோலாக்டினை முதலில் எதிர்ப்பொருளால் முடக்கிவிட்டு, மூன்று நாள்போல வளர்த்துச் செல்களை எண்ண வேண்டும். டிபியா முறைக்கு ஒரு லிட்டர் கேட்ட இடத்தில் இங்கே சில மைக்ரோலிட்டர் போதும். இருந்தாலும் இச்செல் பேசுவது பால்சுரப்பு ஏற்பியின் மொழி. எலும்பை நீட்டும் திறனை அது நேராகச் சொல்வதாக எடுத்துக்கொண்ட ஆய்வுகள் கொஞ்சம் அவசரப்பட்டவை.

1987-இல் மனித வளர்ச்சி ஹார்மோன் ஏற்பியின் மரபணு பிரிக்கப்பட்டதும் நிலைமை மாறியது. எலியின் ரத்த முன்னோடிச் செல்லான பி.ஏ.எஃப்.-3 போன்றவற்றுக்குள் மனித ஏற்பியை நுழைத்தால், அந்தச் செல் மனித ஹார்மோனுக்காகவே காத்திருக்கும். பெருக்கத்தை எண்ணலாம். அல்லது, ஏற்பி எழுந்ததும் ஜாக்-2 நொதி வழியாக ஸ்டாட்-5 புரதம் செல் கருவுக்குள் போகும் பாதையில் மின்மினிப் பூச்சியின் ஒளிநொதி மரபணுவை வைத்துவிட்டால், சில மணி நேரத்தில் ஒளியையே அளக்கலாம்.

இச்செல்களில் ஒரு விசித்திரம் தென்பட்டது. ஹார்மோனைக் கூட்டினால் விளைவு ஏறி, உச்சம் தொட்டு, மேலும் கூட்டினால் இறங்கியது. கோடு மணியின் வடிவம் பெற்றது. 1992-இல் டி வோஸ், உல்ட்ஷ், கோசியாகாஃப் வெளியிட்ட படிக அமைப்பில் காரணம் தெரிந்தது. ஒரு ஹார்மோன் இரண்டு ஏற்பிகளைப் பிடிக்கிறது. முதல் முகம் ஒன்றைப் பிடித்த பின் இரண்டாம் முகம் மற்றொன்றைப் பிடிக்கும். ஒரு பல்லக்குக்கு இரண்டு ஆள் வேண்டும். பல்லக்குகள் அளவுக்கு மீறிக் குவிந்தால் ஆளுக்கொரு பல்லக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், ஒன்றும் நகராது. ஏற்பிகள் முன்கூட்டியே இணைந்திருக்கின்றன, ஹார்மோன் அவற்றின் கோணத்தைத் திருப்புகிறது என்று பிந்தைய ஆய்வுகள் திருத்தம் சொல்கின்றன. ஆனாலும் இரண்டு முகமும் வேண்டும் என்பது நின்றது. இரண்டாம் முகத்தைக் கெடுத்த ஹார்மோன் ஏற்பியைப் பிடித்துக்கொண்டு தூண்டாமல் இருக்கும். அக்ரோமெகாலிக்கான பெக்விசோமான்ட் என்ற மருந்து அப்படிச் செய்ததுதான். இம்மருந்து எடுப்பவரின் ரத்தத்தில் சில எதிர்ப்பொருள் கருவிகள் மருந்தையே ஹார்மோனாகப் படித்துவிடும்.

கிறிஸ்டியன் ஸ்ட்ராஸ்பர்கர் குழு 1996-இல் வெளியிட்ட முறை இந்த அறிவைச் சோதனைத் தட்டுக்குக் கொண்டுவந்தது. இரண்டாம் முகத்தைப் பிடிக்கும் எதிர்ப்பொருள் ஒருபுறம். முதல் முகத்தைப் பிடிக்கும், மரபணு முறையில் செய்த பிணைப்புப் புரதம் மறுபுறம். இரு முகமும் கெடாத மூலக்கூறு மட்டுமே இரண்டுக்கும் பாலமாகும். எலி வேண்டாம், செல் வேண்டாம். இருந்தும் வேலைத் தகுதி தெரிகிறது. எதிர்ப்பொருள் அளவீட்டுக்கும், எலியிலோ செல்லிலோ வேலையை அளக்கும் உயிர்மதிப்பீட்டுக்கும் நடுவே இருந்த பள்ளத்தை இதைவிடச் சிக்கனமாக நிரப்பிய முறை வேறு இல்லை. ஆயினும் இதுவும் தகுதியைத்தான் காட்டும். செல்லுக்குள் செய்தி போய்ச் சேர்ந்ததைக் காட்டாது.

இதே குழுவின் இன்னொரு பணி விளையாட்டு அரங்கில் பயன்பட்டது. ஊசியில் வரும் ஹார்மோன் முழுக்க 22 கிலோடால்டன் வடிவம். அது ஏறினால் சுரப்பி தன் சுரப்பை நிறுத்திக்கொள்ளும். ரத்தத்தில் மற்ற வடிவங்களின் பங்கு சரியும். அந்த விகிதத்தைக் காட்டும் சோதனை 2004-இல் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் முதன்முதலாகப் பயன்பட்டது. ஊசி போட்டு ஒன்றிரண்டு நாளுக்குள் மாதிரி எடுத்தால்தான் பிடிபடும் என்பதால், ஐ.ஜி.எஃப்.-1-ஐயும் கொலாஜன் உருவாக்கத்தின் ஒரு துணைப்பொருளையும் சேர்த்துப் பார்க்கும் இரண்டாவது சோதனையும் பின்னர் வந்தது.

குப்பியின் மேல் எழுதும் எண்

மருந்துத் தயாரிப்பில் இக்கேள்வி வேறு முகம் கொள்கிறது. சடலச் சுரப்பியிலிருந்து எடுத்த ஹார்மோன் வழியாகக் குரோய்ட்ஸ்ஃபெல்ட்-யாக்கோப் என்னும் மூளை நோய் பரவியது தெரிந்ததும் 1985-இல் அமெரிக்காவில் அதன் வழங்கல் நின்றது. அதே ஆண்டு மரபணு முறை ஹார்மோனுக்கு அனுமதி கிடைத்தது. சுரப்பிச் சாற்றில் தூய்மை ஒவ்வொரு தொகுதிக்கும் மாறும், ஆகவே எலி எடைச் சோதனை தவிர்க்க முடியாததாக இருந்தது. பாக்டீரியாவில் வளர்த்துச் சுத்தம் செய்த ஹார்மோன் வேறு ரகம். அதில் மீத்தியோனின் ஆக்சிஜன் ஏறியவை, அஸ்பராஜின் மாறியவை போன்ற சிறு பிறழ்வுகள் வேலையை அதிகம் கெடுப்பதில்லை. இரண்டிரண்டாக ஒட்டியவையும் திரண்டவையும்தான் வீரியத்தைக் குறைக்கின்றன. அளவு வாரியாகப் பிரிக்கும் திரவ நிறப்பகுப்பு முறை அவற்றைத் தெளிவாகப் பிரித்துக் காட்டிவிடும். எலி தரும் விடையோ பெரும் பிழை எல்லைகளோடுதான் வரும். ஐரோப்பிய மருந்தியல் நூல் எலியைக் கைவிட்டு, ஒற்றை மூலக்கூறின் எடையை நிறப்பகுப்பால் அளந்து, நீர் நீக்கிய 1 மில்லிகிராம் 3 அலகு என்று பெருக்கிக்கொள்ளச் சொன்னது. அறிந்த மூலக்கூறு, அறிந்த மாசுகள் என்ற இரண்டு நிபந்தனைக்குள் அது சரியான முடிவே.

அண்மை ஆண்டுகளில் வந்த நெடுநேர வகைகள் அந்த நிபந்தனைக்குள் அடங்கவில்லை. 2020-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சோமபாசிட்டான், ஆல்புமினைப் பற்றிக்கொள்ளும் கொழுப்பு வால் ஒட்டிய ஹார்மோன். 2021-இல் வந்த லோனாபெக்சோமட்ரோபின், உடலுக்குள் போன பிறகு சிறுகச் சிறுக ஹார்மோனை விடுவிப்பது. வழக்கமான எதிர்ப்பொருள் கருவிகள் இவ்வகைகளை ஒரே சீராகப் படிப்பதில்லை. 3 அலகுக் கணக்கும் இவற்றுக்குப் பொருந்தாது. குழந்தைகளுக்கு இவை வாரம் ஒருமுறை, உடல் எடைக்கேற்ற மில்லிகிராம் கணக்கில் போடப்படுகின்றன. சிகிச்சையின் பலனை ஐ.ஜி.எஃப்.-1 அளவும் குழந்தையின் உயரமும் கொண்டு மருத்துவர்கள் பார்க்கிறார்கள்.